விரியில் நான் போட்ட வட்டம்

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில், விரி என்கிற அந்தக் கிடங்குப் பேட்டையில் லொறிகளின் சத்தம் அடங்கிவிடும். அந்தக் கிடங்குகளின் நடுவே எங்களுக்கும் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. திருவிழாச் சாமான் வைக்கவென்று வாடகைக்கு எடுத்தது. முதலில் ஒரு பிள்ளையார் படம் வந்தது, பிறகு விளக்கு, பிறகு நாற்பது பேர். சாம்பிராணிப் புகை மேலே எழுந்து, கூரை இடுக்கால் விழும் வெயிலில் போக மனமில்லாமல் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்த நாட்டில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும். அந்த மறதிக்காகத்தான் வாரம் முழுக்க வேலைக்குப் போனேன்.

அந்த வருடம் கொட்டகை இருந்த தெருமுனையில் செயற்கைக் கஞ்சாக் கடை ஒன்று வரப்போவதாகக் கதை அடிபட்டது. அப்போது அது சட்டப்படி விற்கக்கூடிய சரக்கு. எங்கே விற்கலாம் என்பதை மட்டும் அந்தந்த ஊர் கவுன்சில் வகுக்கலாம். பக்கத்து நகரங்கள் ஆளுக்கொரு விதமாகத் தூரம் அளந்துகொண்டிருந்தன: பள்ளிக்கூடத்திலிருந்து இவ்வளவு, வழிபாட்டிடத்திலிருந்து இவ்வளவு. எங்கள் கவுன்சிலும் மக்களிடம் கருத்துக் கேட்டது.

பஜனை பாடும் மலேசிய அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் நல்லா இங்கிலீஷ் எழுதுவீங்க. ஒரு லெட்டர் போடுங்க லா. கோயில் பக்கத்துல இதெல்லாம் வரலாமா?"

"ஓம் அக்கா, விடுங்கோ, நான் பாக்கிறன்" என்றேன். புகழ்ந்தால் எனக்குத் தலைகால் தெரியாது.

ஹில்ஸ்பரோவில் இருக்கும் என் வீட்டில், சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்தேன். கொட்டகை இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்து, இதற்குள் கடை வரக்கூடாது என்று மகளின் கவராயத்தால் ஒரு வட்டம் போட்டேன். வட்டம் அழகாக விழுந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் புகைகூட நிற்பதுபோல் இருந்தது. வெள்ளிதோறும் நாற்பது பேர் விளக்கேற்றி வழிபடும் கோயில் என்று முகவரியோடு எழுதி, வாசித்து, அனுப்பிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன். இத்தனை நாள் பொத்திவைத்ததை ஊருக்கெல்லாம் சொல்கிறேன் என்பது மண்டையில் உறைக்கவேயில்லை.

வந்த கடிதங்களை எல்லோரும் பார்க்கும்படி கவுன்சில் வெளியிட்டது. கொட்டகைச் சொந்தக்காரரும் கடைக்கு எதிராக எழுதியிருந்தார், பாவம். தன் கடிதத்தைத் தேடிப் போனவர் என்னுடையதைக் கண்டுவிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். தான் தந்தது சாமான் வைக்க மட்டும். ஆட்கள் கூடவோ நெருப்பு ஏற்றவோ அங்கே அனுமதியும் இல்லை, காப்புறுதியும் இல்லை. மாத முடிவில் கொட்டகையைக் காலிசெய்து திறப்பைத் தந்துவிடச் சொன்னார்.

அக்கா என்னை ஒரு சொல் ஏசவில்லை. "பரவால்ல, சாமிக்குக் கார் இருக்கு" என்று பிள்ளையாரைப் பின்சீட்டில் இருத்தி பெல்ட் போட்டார். ஏசியிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன்.

சில மாதங்களில் அந்தச் சரக்கையே நாடு முழுக்கத் தடைசெய்துவிட்டார்கள். கடை வரவேயில்லை.

இப்போது பூசை பாபகூராவில் ஒரு வீட்டுக் கராஜில். ரயில் விரியைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். வட்டம் தெரியும், வெயிலில் நிற்கும் புகை தெரியும். ஒருநாள் காரில் போய்ப் பார்த்தேன். நான் காப்பாற்றிய இடத்தில் யாரோ பழைய டயர் அடுக்கி வைத்திருந்தார்கள்.