ஞானராஜ் சார் சொல்லாத மறுபாதி

கூடலூரிலிருந்து ஞானராஜ் சாருடைய மகள் ஜெனிபர் காலையில் கூப்பிட்டார். "அப்பா போயிட்டாக, சார். தூக்கத்துலயே." சின்னமனூர்ப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த கணக்கு ஆசிரியர் ஞானராஜை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அவர் சீர்திருத்தச் சபைக்காரர், அதாவது புராட்டஸ்டண்ட். மனைவி ஆரோக்கியமேரி என்னைப் போலக் கத்தோலிக்கர். ஞாயிறுதோறும் மனைவியை ஸ்கூட்டரில் மாதா கோவிலில் இறக்கிவிட்டுத் தம் சபைக்குப் போவார். ஆராதனை முடிந்ததும் வந்து கூட்டிச் செல்வார்.

ஒருநாள் ஆசிரியர் அறையில் கேட்டேன்: "ஏசு ஒருத்தர்தானே சார்? எங்க கூட வந்துட்டா என்ன?"

"நீங்க எங்க கூட வரலாமே" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "பாவமன்னிப்புக்கு நான் நேரா அவருகிட்டயே போறவன். நடுவுல ஆளு வச்சுப் பழக்கமில்ல. வேதத்துல இல்லாதத நம்புறேன்னு வாயால சொல்லவும் முடியல. எல்லாரும் ஒண்ணாச் சேரணும், அதுக்கு நானும் ஜெபம் பண்றேன். ஆனா பொய் சொல்லிச் சேரக் கூடாது, சார்."

எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடில்லை. இன்றும் இல்லை.

ஆரோக்கியமேரி பக்கவாதத்தில் விழுந்தபின் செபமாலை சொல்ல நாக்கு புரளவில்லை. தன்னோடு சேர்ந்து கணவரும் சொல்ல வேண்டும் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாதாவிடம் வேண்டுவது ஞானராஜுக்கு ஒப்பாத காரியம். பார்க்கப் போயிருந்த ஒரு மாலையில், அவர் என்ன செய்தார் என்று கண்டேன். மரியாளை வாழ்த்தும் முதல் பாதியை உரக்கச் சொன்னார். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று கேட்கும் மறுபாதி வந்ததும் நிறுத்தினார். அந்த அம்மா கோணிய உதடுகளை அசைத்துச் சத்தமில்லாமல் அதை முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு அடுத்த மணி. செபமாலை முடியும்வரை அப்படியே.

வெளியே வந்து என்னிடம், "முதப்பாதி வேதத்துல லூக்கா எழுதுனது. அது எனக்கும் உள்ளது. மறுபாதி அவளுக்குள்ளது" என்றார்.

அந்த அம்மா இறந்தபோது, பங்குச்சாமியார் இரக்கப்பட்டு, "எங்க சபைக்கு வந்துட்டா உங்களுக்கும் பக்கத்துலயே இடம் விடலாம்" என்றார்.

"நல்ல மனசோட சொல்றீக, சாமி. குழிக்காக மாறுனா அவளே ஒத்துக்கிட மாட்டா."

அன்று வீட்டுக்குப் போய் வெகுநேரம் அழுதார் என்று ஜெனிபர் சொன்னார்.

அவரை அவர் சபையின் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம் செய்தோம். மனைவி இருப்பது கம்பம் சாலைக்கு அந்தப் பக்கம். அதே சாமியார் வந்து, போதகரின் அருகில் நின்று மண் போட்டார். போதகர் ஞானராஜின் வாழ்வுக்காக நன்றி சொன்னார். ஆன்ம இளைப்பாற்றிக்காக நாங்கள் சொல்லும் செபம் என் வாய்வரை வந்தது. செத்தவருக்காக வேண்டுவதில் ஞானராஜுக்கு நம்பிக்கை இல்லை. நிறுத்திக்கொண்டு, நானும் நன்றி மட்டும் சொன்னேன்.

நம்பாதவர் பேரில் என் நம்பிக்கையை ஏற்றாமல் இருப்பது: அவரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டது அதுதான். கல்லறைத் திருநாளுக்கு எங்கள் கோவிலில் இறந்தவர்களின் பெயர்களைப் பூசைக்குக் கொடுப்போம். கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் ஆரோக்கியமேரியின் பெயரை மட்டும் கொடுப்பேன்.