துல்கர்னைன் எடுத்த குளம்

பதினெட்டு வருஷம் ஷார்ஜாவில் ஒரு மளிகைக் கடையில் நின்ற துல்கர்னைனுக்கு, இனிமேல் கடல் தாண்டுவதில்லை என்று ஒரு வீம்பு. வீரகேரளம்புதூர் பக்கத்தில் ஒரு குளத்தை மீன் வளர்க்கக் குத்தகைக்கு எடுத்துவிட்டார். மனைவி ஜுஹைனாவின் அண்ணன் இத்ரீஸோ ஷார்ஜாவில் அவருக்கென்று புது விசாவோடு காத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் ஜுஹைனா ‘சரி’ என்றால் துல்கர்னைன் விமானம் ஏறியே ஆக வேண்டும்.

“குளத்துல நீங்க வேலை பாக்குத லட்சணத்த ஒரு நா வந்து பாக்கேன். அப்புறம் சொல்லுதேன்” என்றாள் அவள்.

வேலையா? அதை ஏன் கேட்கிறீர்கள்! கட்லா மீன் குஞ்சுகளை விட்டுக் கொஞ்ச நாளிலேயே நீர்க்காகங்கள் பந்திக்கு வந்துவிட்டன. விரட்டப் போனவர் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார். குளம் என்றால் வெறும் தண்ணீர் என்று நினைத்திருந்தவருக்கு, அங்கே ஒரு தெருவே குடியிருப்பது அப்போதுதான் தெரிந்தது. கோரைக்குள் நீர்க்கோழி. கரையோரச் சகதியில் உள்ளான் குருவி. நடுத்தண்ணீரில் முக்குளிப்பான். அடிச்சேற்றில் விரால். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்கள் முழுக்க நீர்க்காகம். மடையைத் தாண்டினால் வயலில் கொக்கு. யாரும் அடுத்தவர் வாசலில் போய் நிற்பதில்லை. நம் ஆட்களுக்கு இந்தப் புத்தி என்றைக்கு வருமோ!

இருந்தாலும் பேருக்கு ஒரு காவல் வேண்டுமே. பெருநாளுக்கு வாங்கிய வெள்ளை அரபி அங்கியை ஒரு பொம்மைக்கு மாட்டிக் குளத்தில் நட்டுவிட்டு, மருத மரத்தடியில் கட்டையைச் சாய்த்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஜுஹைனா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். தூரத்தில் புருஷன் இடுப்பளவு தண்ணீரில் ஆடாமல் அசையாமல் நின்றார். பாவம், மனுஷன் என்ன பாடுபடுகிறார் என்று அவளுக்கு மனசு இளகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு நீர்க்காகம் அவர் தலைமேல் உட்கார்ந்து சிறகைக் காயப்போட்டது. மனுஷர் தட்டிவிடக்கூட இல்லை.

“யா அல்லாஹ்! என்னங்க, உசுரு இருக்கா?”

“இருக்கு, இங்கன இருக்கு” என்று மரத்தடியிலிருந்து கொட்டாவியோடு பதில் வந்தது.

ஜுஹைனாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. “பொம்மைய நிப்பாட்டிட்டு உறங்குததுக்கா குளம்? இப்பவே அண்ணனுக்குப் போனப் போடுதேன்.”

துல்கர்னைன் எழுந்து ஓடி வருவதற்குள் அவள் எண்ணை அழுத்திவிட்டாள். மணி அடித்துக்கொண்டிருந்தபோதே நீர்க்காகம் தொபுக்கென்று முங்கியது, சாண் நீளக் கட்லாவோடு மேலே வந்தது, அப்படியே விழுங்கியது. ஜுஹைனா செருப்பைக் கழற்றி வீசினாள்.

“ஏ களவாணி! எங்க மீனையா திங்க?”

“ஹலோ, என்னம்மா முடிவு பண்ணுன?” என்றார் இத்ரீஸ்.

“அந்த விசாவ வேற யாருக்காச்சும் குடுங்கண்ணே. இங்கன ஆளு பத்தல!”

துல்கர்னைன் உடுத்த துணியோடு குளத்துக்குள் இறங்கினார், செருப்பை எடுக்க.