தேசம்மாவும் அணையில்லாத விளக்கும்

பட்டினப்பாக்கத்தில் தேசம்மா மீன்கூடையை இறக்கினால் சாந்தோம் வரைக்கும் சேதி போய்விடும். அப்படி ஒரு குரல். கடலுக்குப் பயப்படமாட்டாள், போலீசுக்குப் பயப்படமாட்டாள். இருட்டுக்கு மட்டும் பயம். அவளுடைய அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்த இரவில் விளக்கில் எண்ணெய் தீர்ந்துபோய், மருத்துவச்சி இருட்டில் தடுமாறி, தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அன்றிலிருந்து தேசம்மாவின் குடிசையில் விளக்கு ராத்திரி முழுக்க எரியும். அடுத்த குடிசைக்காரியான எனக்கு அந்த வெளிச்சத்தில் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

அவளுக்கு ஒரே மகள், ஜெசிந்தா. புருஷன் இல்லை. 1934-ல் ஜெசிந்தாவைப் பெண் கேட்டு வந்தவன் வேதநாயகம், சேர்வராயன் மலைக்காரன். அவனுடைய ஊரார் ஓடைத் தண்ணீரில் சக்கரம் சுற்றவைத்து மின்சாரம் எடுக்கத் தீர்மானித்து, அந்தச் சக்கரத்தைச் செய்து வாங்கிவர அவனை மந்தைவெளிப் பட்டறைக்கு அனுப்பியிருந்தார்கள். பட்டறைக்கு மீன் விற்கப் போனவள் ஜெசிந்தா. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

"வெளக்கு இல்லாத ஊருக்கு என் பொண்ண குடுக்கமாட்டேன்," என்றாள் தேசம்மா.

"வெளக்குக்காகத்தாங்க வந்திருக்கேன். ஓடை ஓடுற வேகத்துலயே எரியும். அணையே கெடையாதுங்க."

"அணையவே அணையாதா? ராத்திரி பூரா எரிஞ்சிக்கினே இருக்குமா?"

"எரியுங்க," என்று தலையாட்டினான் பாவம், அவள் என்ன புரிந்துகொண்டாள் என்று தெரியாமல்.

அவ்வளவுதான். அணையாத விளக்குள்ள மாப்பிள்ளை வீட்டைப் பற்றித் தெருத்தெருவாக அளந்தாள். எங்கள் காதெல்லாம் புளித்துப்போனது. கடைசியில் பட்டறை மேஸ்திரி கங்காதரன் நெத்திலி வாங்க வந்த இடத்தில் குட்டை உடைத்தார்.

"அவன் சொன்னது தண்ணிய தேக்குற அணைம்மா. மேட்டூர்ல கட்டிக்கினு கீறாங்களே, அது. இவங்க ஊர்ல அது வாணாம். ஓடைத் தண்ணியில கொஞ்சத்த வாய்க்கால்ல திருப்பி, சக்கரத்துல உட்டு, மறுபடி ஓடைக்கே உட்ருவாங்க."

தேசம்மா வேதநாயகத்தைக் கூப்பிட்டனுப்பினாள். "கோடையில இன்னா ஆவும்?"

"தண்ணி கொறையுங்க. வெளக்கும் மங்கும்."

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. கோடையில் அடையாற்றின் வாயை மணல் மூடி, ஆறே அசையாமல் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். "கல்யாணம் இல்ல, போ," என்றுவிட்டாள். ஊரெல்லாம் சொன்ன வாயாயிற்றே, அந்த வெட்கம் வேறு. ஜெசிந்தா இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை.

ஐப்பசி மழையில் ஆறு பெருகியது. வாய் அடைத்திருந்ததால் தண்ணீர் குடிசைகளை நோக்கி ஏறியது. வழக்கம்போல் எங்கள் ஆட்கள் மண்வெட்டியோடு போய் மணல்மேட்டை வெட்டிவிட்டார்கள். கொஞ்சம் வழி விட்டால் போதும், மீதியை ஆறே அறுத்துக்கொண்டு கடலுக்கு ஓடும். அந்த வேகத்துக்காகவே காத்திருந்தவர்கள் மாதிரி கங்காதரனும் வேதநாயகமும் டைனமோ பூட்டிய சக்கரத்தைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து, வெட்டிய கரையோரம் இரண்டு கம்பங்களுக்கு நடுவே இறக்கினார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சக்கரம் முனகியது, சுற்றியது, மூங்கில் உச்சியில் கட்டியிருந்த பல்பு பளிச்சென்று எரிந்தது!

நாங்கள் போட்ட கூச்சலில் கடல் சத்தமே கேட்கவில்லை. எதிர்க் குடிசை லாசர் வேட்டியோடு தண்ணீரில் குதித்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் கரை சரிந்து, நாலு பேர் பாய்ந்து சக்கரத்தைத் தூக்க, விளக்கு போய்விட்டது.

"அணைஞ்சிடிச்சே," என்றாள் தேசம்மா.

"எங்க ஓடைய யாரும் வெட்டிவிட வேண்டாங்க. அது நிக்கிறதே இல்ல," என்றான் வேதநாயகம்.

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். "யம்மா, மங்குனா மங்கட்டும். மங்கும்னு உண்மைய சொன்னாரே, அது போதாதா?"

தேசம்மா மகளைப் பார்த்தாள், மூங்கில் உச்சியைப் பார்த்தாள். "சரி, கட்டிக்க," என்றாள்.

அடுத்த வருஷமே ஜெசிந்தா உண்டானாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? தேசம்மா முன்கூட்டியே மருத்துவச்சியிடம் சொல்லி வைத்தாள். பங்குனியில் வேதநாயகம் மட்டும் வந்து நின்றான்.

"எங்கடா என் பொண்ணு?"

"அத்தை, வெளக்கு இல்லாத ஊருக்குப் புள்ள பெத்துக்க வரமாட்டாளாம்."

தேசம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நெத்திலிக் கருவாட்டை மூட்டை கட்டிக்கொண்டு, மாப்பிள்ளையோடு ரயில் ஏறிவிட்டாள்.

திரும்பி வந்தவளிடம் முதலில் கேட்டது நான்தான். "வெளக்கு மங்கிச்சா?"

"மங்கித்தான் எரிஞ்சிது, ஆரோக்கியமேரி. ஆனா பேரன் மூஞ்சி நல்லா தெரிஞ்சிது. பகல்ல அந்த சக்கரமே கேவுரு அரைச்சிடுது. பொம்பளைங்க கையில காப்பு காய்க்கிறதில்ல. மண்ணெண்ண டின்ன தூக்கிக்கினு மலையேற வாணாம். கீழ வயலுக்கும் அதே தண்ணிதான் பாயுது."

இப்படியே எல்லா வீட்டிலும் சொல்லி முடித்து, அன்றைக்கு அவள் தன் விளக்கைத் தானே அணைத்துவிட்டுப் படுத்தாள். எனக்குத்தான் அந்த இருட்டு பழகாமல் தூக்கம் வரவில்லை.