எலுமிச்சம்பழத்தில் மாட்டிய லாரி

"பெங்களூர் பார்ட்டிக்குப் பிடிக்கலைன்னா அசெம்பிளி செக்‌ஷனை இழுத்து மூடிருவேன்" என்று முதலாளி சொன்ன அன்றுதான், ஒரு பொம்மை லாரியை நான் பயத்தோடு பார்த்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூர் தொழிற்பேட்டையில் சின்னச் சின்ன கியர் செய்யும் கம்பெனி எங்களுடையது. பேட்டரியில் ஓடி, ரிமோட்டில் திரும்பும் பொம்மை லாரிகளுக்கு கியர்பாக்ஸ் வேண்டும் என்று பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அந்த ஆர்டரை நம்பித்தான் அசெம்பிளி செக்‌ஷன் ஆரம்பித்தார்கள். நான் சூப்பர்வைசர். எனக்குக் கீழே பாகலூர் ஷமீமும் இன்னும் சில பெண்களும். எல்லோருமே கான்ட்ராக்ட். ஆர்டர் வந்தால் பெர்மனென்ட். வராவிட்டால் பழையபடி கெலவரப்பள்ளிப் பக்கம் தக்காளி பறிக்கப் போகலாம்.

டிசைனுக்குப் பொறுப்பு மூர்த்தி சார். அவருடைய தகுதி இரண்டு. முன்பு லாரி வைத்து ஓட்டியவர், முதலாளிக்கு மச்சினர். இரண்டாவது தகுதிக்குத்தான் மவுசு அதிகம்.

பினியன் சண்டை

மோட்டார் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன். அது சுற்றிவிடும் பெரிய சக்கரம் ஸ்பர். பினியனைப் பெரிதாக்கினால் வேகம் கூடும், இழுவை குறையும். சின்னதாக்கினால் இழுக்கும், ஆனால் மெதுவாகப் போகும். இந்தக் கணக்குக்குப் பெயர்தான் ரேஷியோ. விஷயம் இவ்வளவுதான். இதற்கு ஒரு வாரம் மீட்டிங் போட்டோம்.

முதலாளிக்கு வேகம் வேண்டும். "பறக்கணும்மா! பாக்கிறவன் வாயப் பொளக்கணும்!"

பெரிய பினியன் போட்டோம். ஷாப் ஃப்ளோர் சிமெண்ட் தரையில் நிஜமாகவே பறந்தது. வெளியே ஜல்லி மேட்டில் ஏற்றினோம். பாதியில் நின்று, மோட்டார் சூடாகி, கருகிய வாசனை வந்தது. சின்னப் பினியன் மாட்டினோம். மேடு ஏறியது.

"என்னம்மா இது, எறும்பு ஓவர்டேக் பண்ணிட்டுப் போகும் போல இருக்குது" என்றார் முதலாளி.

கடைசியில் நடு சைஸ் முடிவானது. யாருக்கும் அது பிடிக்கவில்லை. அதனால் அதுதான் சரியாக இருக்கும் என்று நான் அப்போதே நினைத்தேன்.

மூர்த்தி சாரின் டிஃப்ரன்ஷியல்

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகம் சுற்ற வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. அதற்கு வழிவிடுவது டிஃப்ரன்ஷியல். அதில் ஒரு கோளாறான குணம் உண்டு. எந்தச் சக்கரத்துக்குப் பாரம் இல்லையோ, அதைத்தான் சுற்றிவிடும். பாரம் சுமக்கிற சக்கரம் சும்மா நிற்கும். ஆபீஸ்களைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

"உள்ள கொஞ்சம் திக்கா கிரீஸ் வைக்கலாங்களா சார்? ரெண்டு சக்கரமும் ஒண்ணையொண்ணு இழுக்கும்" என்று கேட்டேன்.

"லாரில நாங்க லேசான ஆயில்தாம்மா ஊத்துவோம். நான் ஓட்டாத லாரியா?" என்றார். லேசான ஆயிலே ஊற்றினோம். சக்கரம் விரல் பட்டாலே சுற்றியது. சார் எல்லோரையும் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டினார்.

பூஜை

சாம்பிள் பார்க்க பெங்களூர்க்காரர் வந்தார். எங்கள் பக்கம் புது வண்டி எதுவானாலும், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்காமல் வெளியே போகாது. பொம்மை லாரியும் லாரிதானே? மூர்த்தி சார் பொட்டு வைத்து, பூப்போட்டு, நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு பழம் வைத்தார். பழம் ஏறக்குறைய சக்கரத்தில் பாதி உயரம் இருந்தது. சாமி காரியத்தில் ரேஷியோ பேசக் கூடாது.

நிஜ லாரியின் பாரத்துக்குப் பழம் சட்னியாகிவிடும். எங்கள் லாரி ஒரு பூனைக்குட்டி கனம். முன் சக்கரங்கள் பழத்தை உருட்டித் தள்ளின. அதில் ஒன்று அடியில் புகுந்து மாட்டிக்கொண்டது. மோட்டார் சுற்றிவிடுகிற பின் சக்கரங்களில் வலது பக்கத்தது அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. அவ்வளவுதான். தூக்கிய சக்கரம் விர்ரென்று சுற்ற, தரையில் இருந்த இடது சக்கரம் அசையாமல் நின்றது. மோட்டார் கத்துகிறது, வண்டி நகரவில்லை.

"ஏன்ரீ இது? ஒந்து சக்கரம் மட்டும் சுத்துது! கல்லு மேல ஏறினா பசங்க ஓடி வந்து தள்ளணுமா?" என்றார் பெங்களூர்க்காரர். "ஊட்டா முடிச்சு வரேன். அதுக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா வேற இடம் பாத்துக்கறேன்."

முதலாளிக்கு முகம் செத்துப்போனது. அவருக்கு ஆர்டரைவிடச் சகுனம்தான் உறுத்தியது. ஷமீம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கருப்பு கிரீஸ்

"லாக் பண்ணிடு. ரெண்டு சக்கரமும் ஒண்ணாச் சுத்தட்டும்" என்றார் மூர்த்தி சார்.

"அப்பறம் திரும்பறப்போ கவுந்துக்கும் சார்" என்றாள் ஷமீம்.

நான் யாரையும் கேட்காமல் கிரேன் ரோப்பில் தடவும் கருப்பு கிரீஸை எடுத்து வந்தேன். தொட்டால் தேன்பாகு போல இழுக்கும். ஷமீம் டிஃப்ரன்ஷியலைக் கழற்றி, ஆயிலைத் துடைத்தாள். நான் கிரீஸை அடைத்தேன். திருகு ஒன்று உருண்டு போனபோது, மேஜைக்கு அடியில் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தவர் மூர்த்தி சார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாப்பிட்டு வந்தவருக்கு முதலாளி வழவழப்பான தரையைக் காட்டினார். பெங்களூர்க்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "அதே பழம், அதே ஜாகா" என்றார்.

வண்டி மறுபடியும் மாட்டியது. வலது சக்கரம் தூக்கியது, சுற்றியது. இடது சக்கரம் மெதுவாக அசைந்து தரையைப் பிடித்தது. லாரி ஒரு உதறு உதறிப் பழத்தைவிட்டு இறங்கிப் போனது. தண்ணீர் டிரம்மை ஒரு சுற்றுச் சுற்றியும் வந்தது. ஷமீம் கைதட்டினாள், பிறகு வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டாள்.

ஆர்டர் கிடைத்தது. முதலாளி எல்லோரையும் கூட்டி, "சாமிதான் பழத்து ரூபத்துல வந்து காட்டிக் குடுத்துச்சு" என்றார். அசெம்பிளி பெண்கள் எல்லோரும் பெர்மனென்ட் என்றார். அந்த செக்‌ஷனுக்கு இனி மேனேஜர் மூர்த்தி என்றும் அதே மூச்சில் சொன்னார்.

"அக்கா, அவருக்கு டிஃப்ரன்ஷியல் என்னக்கா தெரியும்?" என்று ஷமீம் காதைக் கடித்தாள்.

"நமக்கு வேலை தெரியும். அவருக்கு முதலாளியைத் தெரியும். சும்மா கைதட்டு" என்றேன்.

தட்டினோம். கோபம் இருந்தது, அதைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. தக்காளிக் கூடை இனி இல்லை.

இப்போது கியர் படிக்கிற பிள்ளைகள் என்னிடம் எந்த ரேஷியோ நல்லது என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வண்டி எந்தத் தரையில் ஓடப் போகிறது என்று முதலில் கேளுங்கள். அடுத்து, அந்த வண்டியை யாருடைய மச்சினர் டிசைன் செய்கிறார் என்று விசாரியுங்கள். கிரீஸ் எவ்வளவு வைப்பது என்று அப்புறம் முடிவு செய்யலாம்.