‘கெட்’ என்றால் பெறு மட்டுமா?

“‘கெட்’ எண்டால் பெறு. முதல்லை அதைப் பாடமாக்கும்,” என்றார் என் கணவர். சரி, பாடமாக்கினேன். ஆனால் கார் ஓட்டும் லைசென்ஸ் பரீட்சையில், பக்கத்தில் இருந்த பரீட்சகர் “கெட் இன்ரு த லெஃப்ட் லேன்” என்றபோது நான் எதைப் பெறுவது? இடது பக்க லேனுக்குப் போ என்று மனதுக்குள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் திரும்ப வேண்டிய தெரு பின்னால் போய்விட்டது. ஃபெயில். வோபர்ன் பகுதியில் வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலை எனக்காகக் காத்திருந்தது. லைசென்ஸ் இல்லாவிட்டால் அது கிடையாது. அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த நாள் டோர்செட் பார்க்கில் பஸ் ஏறினேன். முன்னால் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஒருத்தி காதுக்குள் ஏதோ சொல்ல, மற்றவள் கண்ணை அகல விரித்து, “கெட் அவுட்!” என்று கத்தினாள். சண்டைதான் என்று நினைத்தேன். ஆனால் ‘வெளியே போ’ என்று கத்தியவளே அவளோடு ஒட்டிக்கொண்டு சிரிக்கிறாள்! ‘உண்மையாவோ!’ என்பதுதான் பொருள். முகங்களைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதன்பிறகு பஸ்ஸில் யார் ‘கெட்’ சொன்னாலும் முகத்தையும் கையையும் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து கணவருக்கு நடித்துக் காட்டுவேன்.

“உமக்கு விசர் பிடிச்சிட்டுது,” என்றார் அவர்.

“ஓம், விசர்தான். நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ.”

இரண்டாவது பரீட்சையில் ஒரு குப்பை லொறி வழியை மறித்து நின்றது. “கெட் அரவுண்ட் இட்,” என்றார் பரீட்சகர். நான் அதுவரை கேட்டிராதது. ஆனால் லொறி கண்ணுக்குத் தெரிந்தது, எதிரே தெரு வெறுமையாக இருந்தது. கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, லொறியைச் சுற்றிப் போனேன். மனதுக்குள் ஒரு சொல்லும் மொழிபெயர்க்கவில்லை! பாஸ்!

வெளியே காத்திருந்த கணவர் துள்ளாத குறை. உடனே ஃபோனை எடுத்தார். இந்த நாட்டில் எனக்காக ஆங்கிலத்தில் பேசுவது எப்போதும் அவர்தான்.

“வேலை இடத்துக்கு நான் ஃபோன் அடிச்சுச் சொல்லுறன்.”

“வேண்டாம். இஞ்சை தாங்கோ, நான் கதைக்கிறன்.”

மறுமுனையில் ஒரு பெண் மூச்சுவிடாமல் பேசினாள். பார்ப்பதற்கு முகமும் இல்லை, கையும் இல்லை. பயந்தேன். ஆனாலும் ஃபோனைக் கொடுக்கவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மெதுவாகச் சொன்னாள், விளங்கியது. திங்கட்கிழமை காலை வருகிறேன் என்று நானே சொல்லி வைத்தேன்.

“என்னவாம்?” என்றார் கணவர்.

முதல்முறையாக, ஆங்கிலத்தில் கேட்டதை அவருக்கு நான் தமிழில் சொன்னேன்.