மருந்தை வெளியே தள்ளும் புரதம்

என் கால்நடை கிளினிக் வாசலில் தோல்ஷாப் பாய் வைத்திருந்த வாளிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதில் செம்மண் கரைத்த தண்ணீர் இருக்கும். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் இடத்தைத் தோல்ஷாப் என்றுதான் சொல்வோம். அவருடைய தோல்ஷாப்புக்கு ராணி என்கிற நாய் காவல். நாயின் எச்சில் பட்டால் மண் கலந்த நீரில் கழுவ வேண்டும் என்பது அவர்கள் மார்க்கத்து வழக்கம். ராணிக்கு வேளை தவறாமல் கறிச்சோறு கிடைத்தது. ஆனால் யாருடைய கையும் அவள்மேல் பட்டதில்லை. மடியில் வந்த கட்டி உடைந்து ஈ மொய்த்த பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தார்கள்.

மார்பகப் புற்று. அறுத்து எடுக்கும் கட்டத்தைத் தாண்டியிருந்தது. ஊசி மருந்து ஏற்றத் தொடங்கினேன். என் உதவியாளரை ராணி அண்டவிடவில்லை. பாய் சட்டைக் கையை மடித்துவிட்டு, தானே அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும் வாளிப் பக்கம் போய் நிதானமாகக் கழுவினார். கட்டி சுருங்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு அது மறுபடி பெருக்க ஆரம்பித்தது. தொட்டுப் பார்க்கவே பயந்தேன்.

சதைத் துணுக்கை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். முடிவு பயந்தபடியேதான் வந்தது. புற்றுச் செல்களின் சவ்வில் ஒரு புரதம் ஏராளமாக இருக்கிறது, உள்ளே போகும் மருந்தை அது வெளியே தள்ளிவிடுகிறது என்று பாயிடம் சொன்னேன்.

"அப்ப உள்ளயும் ஒரு காவக்காரி நிக்கிறா. நல்லது செய்ய வந்தவனையும் வெரட்டுறா," என்றார். "வேற மருந்து இருக்காம்மா?"

"இருக்கு பாய். அதையும் தள்ளிருமோன்னுதான் பயமா இருக்கு."

பாய் ராணியின் பக்கத்தில் குந்தினார். "அப்ப ஊசி வேணாம். வலி தெரியாம மட்டும் பாத்துக்கங்க. முன்னாடியே தொட்டுப் பாத்திருந்தா பொழச்சிருப்பாளா?"

"சில நாய்க்கு அந்தப் புரதம் ஆரம்பத்துலயே இருக்கும் பாய். ஒங்க மேல தப்பில்ல."

சொன்னது பொய்யில்லை. ஆனால் கட்டி சுண்டைக்காய் அளவில் இருந்தபோதே அறுத்திருந்தால் மருந்தே தேவைப்பட்டிருக்காது. அதை நான் சொல்லாமல் விழுங்கிவிட்டேன். இன்றும் ஒரு நாய்க்கு முதல் ஊசி போடும்போது, உள்ளே அந்தப் புரதம் இருக்குமோ என்ற பயம் வருகிறது. கூடவே அன்று பாய் ராணியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னதும் காதில் விழுகிறது.

"எனக்காகச் சொல்லாதீங்கம்மா. குட்டியா இருக்கையிலருந்தே என்னயப் பாத்ததும் வயித்தக் காட்டிப் படுத்துக்குவா. நாந்தான் தள்ளி நிப்பேன்."