ஊசிவால் வாத்துக்கு இரண்டாம் சாட்சி

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஞாயிறு விடிகாலை என் செல்போனில் யூசுப் பாயின் பெயர் மூன்று முறை மின்னியது. மூன்று முறையும் அமுக்கிவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொண்டேன். எட்டு மணிக்கு நானே கூப்பிட்டு, குரலைக் கம்மலாக்கி, "பாய், ஒரே ஃபீவர். இன்னிக்கு ஏரிக்கு நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்றேன். எடுத்தது அவர் மகள். "அங்கிள், அத்தா மௌத்தாயிட்டாங்க. உங்களுக்குத்தான் மொதல்ல போன் பண்ணோம்."

இறந்துபோன யூசுப் பாய் பெருங்களத்தூரில் மெத்தைக் கடை வைத்திருந்தவர். ஊரையே சுகமாகத் தூங்க வைத்துவிட்டு என்னை மட்டும் ஐந்தரைக்கு எழுப்பினார். ஆறு வருடங்களுக்கு முன் இலவம்பஞ்சு மெத்தை வாங்கப் போனபோது, "ஞாயித்துக்கெழம காலைல என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல பாய்" என்று உளறிவிட்டேன். அடுத்த ஞாயிறே அவர் ஸ்கூட்டர் என் வாசலில் நின்றது.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும் வடக்கிலிருந்து வாத்துகள் வந்திறங்கும். பாயிடம் ஒரு நோட்டு உண்டு. இரண்டு பேர் பார்த்தால்தான் அதில் ஒரு பறவையின் பெயர் ஏறும். "ஒருத்தன் கண்ணு, ஆசப்பட்டதையெல்லாம் பாக்கும் சார்" என்பார். அந்த இரண்டாவது ஆள் நான். காக்கைக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாதவன்.

"நீலச்சிறகி, பாத்தீங்களா?"

"பாத்தேன் பாய்."

"அந்த உள்ளான்?"

"அதான் அப்பவே பாத்தேனே!"

திரும்பும் வழியில் கடையில் இட்லி தீர்ந்துவிடுமே என்பதுதான் என் கவலை.

அந்த ஏரியில் பார்க்க அவர் ஏங்கியது ஊசிவால் வாத்தைத்தான். சென்ற மாதம் திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். "சார்! கோரைக்குப் பின்னாடி! வால் பாருங்க, வால்!" நான் செருப்பிலிருந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தேன். நிமிர்வதற்குள் பறந்துவிட்டது.

"பாத்தீங்களா?"

அவர் கண்கள் கலங்கியிருந்தன. அந்த முகத்திடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்ல பாய்."

பேனாவை மூடினார். "பரவால்ல சார். திரும்ப வரும்."

அதற்கப்புறம் மூன்று ஞாயிறு காத்திருந்தார். வரவில்லை. அந்தக் கரையில் நான் சொன்ன ஒரே உண்மை, அவருடைய நோட்டில் அந்த வாத்தை ஏறவிடாமல் செய்துவிட்டது.

இன்று காலை யாரும் எழுப்பாமலே எழுந்து ஏரிக்குப் போனேன். கோரையை ஒட்டி ஒரு வாத்து. நீண்ட கழுத்து, கூரான வால். "பாத்துட்டேன் பாய்!" என்று கத்தினேன். மாடு மேய்த்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். நேரே பாய் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மகள் அழுதுகொண்டே நோட்டில் எழுதினார்.

ஏறிவிட்டது பாய். நிம்மதியாகத் தூங்குங்கள்.

அவசரத்தில் என் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுப் போயிருந்ததை மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை.